கை சிவந்த காரணம்

கோட்டுச்சேரிக்குத் தன் மகனையும் கூட்டிக்கொண்டு அவனுக்குப் பெண் பார்க்க வந்த அன்னபூரணி, சிவப்ரியாவின் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்துப் பூரித்தாள்.

“மருதாணி என்னமா செவந்திருக்கு! புருஷன் உன் மேல உசுரா இருப்பான்.”

“இது மருதாணி இல்லீங்க அத்தை. ஆளிவிதை எண்ணெயில செவப்புச் சாயம் விடுற வேம்பாளம்பட்டைய ஊறவச்சு, என் துப்பாக்கியோட மரக்கட்டைக்குப் பூசுனேன். அடுத்த வாரம் சுடுற போட்டி இருக்கு.”

அன்னபூரணி கையை உதறினாள்.

“துப்பாக்கியா? எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு அதையெல்லாம் தொடக்கூடாது.”

“அப்ப நான் வரலீங்க.”

“எந்திரிடா கலைவாணா, போவலாம்!”

மகன் எழுந்திருக்கவில்லை. வந்ததிலிருந்து பேண்ட் பைக்குள்ளேயே வைத்திருந்த கைகளை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். அவையும் சிவந்திருந்தன.

“ரெண்டாவது பூச்சு நான் போட்டதும்மா.”