நான்தான் திருடினேன், நம்புங்க

"நான்தான் எடுத்தேன்" என்று கூண்டில் நின்ற பூட்டுக்காரர் மறுபடியும் சொன்னார். அவருக்காக வாதாட வந்த வக்கீலம்மா எழுந்து, தன் கட்சிக்காரர் சொல்வது பச்சைப் பொய் என்றார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். திருடவே இல்லை என்று சாதிப்பவர்களைத்தான் அவர் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறார். திருடினேன் என்று அடம்பிடிக்கிற ஆளும், இல்லவே இல்லை என்று மல்லுக்கு நிற்கிற வக்கீலும் அவருக்குப் புதுசு.

விஷயம் இதுதான். விளையாட்டுக் கிளப்பின் அலமாரியிலிருந்த வெள்ளிக் கோப்பை ஒரு சனிக்கிழமை ராத்திரி காணாமல் போனது. பூட்டு உடையவில்லை, நைசாகத் திறந்திருந்தது. போலீஸ்காரர்கள் பூட்டுத் திறக்கத் தெரிந்த ஆட்களை எல்லாம் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள்.

இவர் வீட்டில் மனைவிதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். யாரோ சாவியைத் தொலைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள், திறந்து கொடுக்கப் போனவர் விடிந்துதான் வந்தார் என்றாள். யார் வீட்டுப் பூட்டு என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பூட்டுக்காரர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். "வீடு இல்ல சார், கிளப்புதான். கோப்பையை நான்தான் எடுத்தேன்" என்று இரண்டு கையையும் நீட்டிவிட்டார். கோப்பை எங்கே என்றதற்கு, ஆற்றில் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

வக்கீலம்மாவுக்கு இந்தக் கதை தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. தம்பியோ மச்சானோ செய்த காரியத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு மனுஷன் தியாகம் பண்ணுகிறார் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பொய் கண்டுபிடிக்கும் மெஷினில் உட்காரச் சம்மதமா என்று கேட்டார். நான்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேனே, மெஷின் என்னை என்ன பண்ணும் என்று பூட்டுக்காரர் சிரித்த முகமாகப் போய் உட்கார்ந்தார்.

மெஷின் அவர் காலை வாரிவிட்டது.

மெஷின் நிபுணர் டையைச் சரிசெய்துகொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். ஜெயிலுக்குப் போக பயமா என்று கேட்டபோது இவர் இல்லை என்றாராம். மெஷின் ஊசி கைக்குழந்தை மாதிரித் தூங்கியதாம். கோப்பையை எடுத்தாயா என்றதற்கு ஆமாம் என்றாராம். ஊசி காகிதத்தை விட்டே குதிக்கப் பார்த்ததாம்.

அரசு வக்கீல் சும்மா விடுவாரா? மாடிப்படி ஏறினாலும் நெஞ்சு படபடக்கும், மாமியார் வந்து இறங்கினாலும் படபடக்கும், அதில் பொய் எது மாமியார் எது என்று ஊசிக்கு எப்படித் தெரியும் என்று மடக்கினார். ஊசி படபடப்பை மட்டும்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது என்று நிபுணர் ஒப்புக்கொண்டார்.

"வீட்ல சாப்பாடு பிரமாதம்னு சொல்றப்போ உங்க ஊசி எப்படி இருக்கும்?"

"அந்தச் சோதனையை நான் இதுவரை பண்ணினதில்லை" என்றார் நிபுணர். "எனக்குக் குடும்பம் இருக்கு."

கோர்ட்டே சிரித்தது. வக்கீலம்மா மட்டும் சிரிக்கவில்லை. கேஸ் கை நழுவிப் போகிறதென்று தெரிந்து, கடைசியாக ஒரு கேள்வி கேட்க அனுமதி வாங்கினார். படங்களைக் காட்டினீர்களே, அதைச் சொல்லுங்கள் என்றார்.

காணாமல் போன கோப்பையின் படத்தோடு விதவிதமான கோப்பைகளின் படங்களையும் கலந்து ஒவ்வொன்றாகக் காட்டியதாக நிபுணர் சொன்னார். திருடியவன் என்றால் தான் எடுத்த கோப்பையைப் பார்த்ததும் உள்ளுக்குள் ஓர் ஆட்டம் ஆடும். இவருக்கு எந்தப் படத்துக்கும் ஊசி அசையவில்லை. மறந்திருப்பார் என்றார் அரசு வக்கீல்.

நீதிபதி கையைத் தூக்கி இரண்டு பேரையும் அடக்கினார். ஊசியை ஓரமாக வையுங்கள் என்று சொல்லிவிட்டு, பூட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கோப்பைக்குக் கைப்பிடி எத்தனை?"

பூட்டுக்காரர் இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டுங்க ஐயா. வழக்கம்போல ரெண்டுதான்."

ஒன்றுகூட இல்லை. இரண்டும் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டன, ஒட்ட வைக்கக் கிளப்பில் யாருக்கும் மனசு வரவில்லை என்று கிளப் செயலாளர் ஏற்கெனவே சாட்சி சொல்லியிருந்தார்.

மெஷினை நம்பி யாரையும் உள்ளே தள்ளவும் முடியாது, வெளியே விடவும் முடியாது என்றார் நீதிபதி. ஆனால் எதைத் திருடினோம் என்றே தெரியாதவனைத் திருடன் என்று சொல்ல முடியாது, போகலாம் என்று முடித்துவிட்டார்.

பூட்டுக்காரர் போகவில்லை. கூண்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். "ஐயா, கொஞ்சம் யோசனை பண்ணுங்க. ஒரு ஆறு மாசமாவது போட்டு விடுங்க" என்று கெஞ்சினார். எப்பேர்ப்பட்ட மனசு என்று வக்கீலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெண்டாட்டி அழுவதைப் பார்த்தால் நீதிபதி இளகுவார் என்று, பூட்டுக்காரரின் மனைவியை முதல் வரிசையில் உட்கார வைத்ததே வக்கீலம்மாதான். அவளும் அழுதுகொண்டே இருந்தாள். இப்போது அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள்.

பாவம், கட்டிப்பிடித்துக்கொள்ளட்டும் என்று வக்கீலம்மா வழிவிட்டு விலகி நின்றார். பூட்டுக்காரர் கூண்டுக்குள்ளேயே இரண்டடி பின்னால் போனார்.

மனைவி கம்பியில் கையை ஊன்றி, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"அப்போ, அன்னிக்கு ராத்திரி எங்க இருந்தீங்க?"