சுவிட்ச் பக்கம்

மோட்டார் பக்கம் நான். சுவிட்ச் பக்கம் அண்ணி.

செய்முறைத் தேர்வுக்கு எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்ட சாரை மனதுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டே ஒயர்களை முடுக்கினேன். இத்தனை பேர் படிக்கிற எலெக்ட்ரிகல் வகுப்பில் அவருக்கு வேறு ஆளா கிடைக்கவில்லை?

அண்ணிக்கும் எனக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு கிடையாது.

எல்லாம் ஒரு மிக்ஸியால் வந்தது. பயிற்சியில் சேர்ந்த புதிதில், நாலு பாடம் படித்த ஜோரில், அவளுடைய மிக்ஸியைப் பிரித்து மாட்டிக் கொடுத்தேன். அது ஒரு சுற்று சுற்றி, புகைவிட்டு, கண்ணை மூடிவிட்டது. நன்றாக இருந்ததை நான் கொன்றுவிட்டதாகச் சொந்தபந்தம் முழுக்கத் தண்டோரா போட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அவளும் மூடிக்கொண்டாள்.

ஒரே வண்டியில் வகுப்புக்கு வந்தவர்கள், அன்றிலிருந்து முன்னும் பின்னுமாக நடந்து வருகிறோம். யார் முதலில் பேசுவது என்பதுதான் பிரச்சினை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம். வந்தவளுக்கும் ஒட்டிக்கொண்டது.

இன்று காலை உள்ளே நுழைந்ததுமே அவள் நேரே போய் சுவிட்ச் பக்கம் நின்றுகொண்டாள். நோகாத வேலையை அமுக்கிக்கொண்டாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரண்ட் போடுமுன், சுவிட்ச் பக்கம் நிற்பவர் மற்றவரைக் கூப்பிட்டு வாய்விட்டுக் கேட்க வேண்டும். மோட்டார் பக்கம் நிற்பவர் கையை எடுத்துவிட்டு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டல், கண்ஜாடை எதுவும் செல்லாது. பேசாமல் போட்டால் இரண்டு பேரும் ஃபெயில். பாஸானவர்களுக்கென்று ஒரு லிஃப்ட் கம்பெனி வைத்திருந்த வேலையும் வேறு யாருக்கோ போய்விடும்.

கடைசித் திருகையும் முடுக்கினேன். மூடியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன்.

முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை. தேர்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணியாவது, இறங்கி வருவதாவது. வேலை போனது போனதுதான் என்று நினைத்தேன்.

“குட்டி, கையை எடுத்துட்டியா? போடட்டுமா?”

வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர். பதில் சொல்லாவிட்டாலும் ஃபெயில்தானே என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

“எடுத்துட்டேன் அண்ணி. போடுங்க.”

மோட்டார் சமர்த்தாகச் சுற்றியது. தேர்வாளர் தலையை ஆட்டி ஏதோ எழுதினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே, சுவிட்சை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

வெளியே சாரைப் பிடித்துக்கொண்டேன். பரீட்சையில் போய் எங்களைக் கோத்துவிட்டு வேடிக்கை பார்க்கலாமா என்று உரிமையோடு சண்டை போட்டேன்.

அவர் சிரித்தார்.

“நான் எங்கம்மா கோத்துவிட்டேன்? போன வாரமே உங்க அண்ணி வந்து நின்னுட்டாங்க. உன்கூடத்தான் போடணும், அதுவும் சுவிட்ச் பக்கம் தனக்குத்தான் வேணும்னு ஒரே பிடிவாதம்.”