எல்லாரும் வந்த கூட்டம்

‘இஸ்லாமும் சமுதாயத் தலைமையும்’ பாடத்தை கல்லூரி முதலாண்டில் படிக்கும் நஸ்ரத்துக்கு, பள்ளிவாசல் மஹல்லாப் பெண்கள் கூட்டத்தை நடத்துவதுதான் செய்முறைத் தேர்வு. அதே தெருவில் தனியாக வாழ்ந்த மைமூன் மாமி அன்று விடியலில் மவுத்தாகிவிட்டதால், மய்யித்தை அடக்கத்துக்கு முன் குளிப்பாட்ட யார் வருவது என்பதே பேச்சு.

வழக்கம்போல யாரும் நேரில் வரவில்லை. அவர்களுக்குப் பதிலாக அவர்களின் கணினிப் பிரதிகள் அதே முகத்தோடும் குரலோடும் திரையில் வந்து அழுதன. “லுஹருக்குள்ள வந்துடுறோம்” என்று ஒத்துக்கொண்டன. நஸ்ரத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது.

நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கும் சொல்லியாகிவிட்டது. மய்யித்து வீட்டில் தண்ணீர்க் குடங்களோடு அவள் மட்டும்தான் நின்றாள். எரிச்சல் தாங்காமல் எதிர்வீட்டுக் கதவைப் படபடவென்று தட்டினாள்.

“வாரேன்னு சொல்லிட்டு இப்படிப் பண்ணலாமா லாத்தா? மைமூன் மாமிய எவ்வளவு நேரம் போட்டு வைக்கிறது?”

கதவைத் திறந்த ஜொஹரா லாத்தா திகைத்தாள். “மாமிக்கு என்னம்மா ஆச்சு?”

“காலையில கூட்டத்துல தேம்பித் தேம்பி அழுதீங்களே!”

“அது என் பிரதியா இருக்கும். எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே...” லாத்தா வாசற்படியிலேயே உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

நஸ்ரத் பல்லைக் கடித்துக்கொண்டாள். தெரு முழுக்க இன்னும் வீடு வீடாக இப்படித்தான் சொல்ல வேண்டும்.

“அழுகை ஒரு தடவை ஆயிருச்சு லாத்தா, எந்திரிங்க. நீங்க இந்த வரிசையில சொல்லிட்டு வாங்க, நான் அந்த வரிசைக்குப் போறேன்.”