பத்தாவது லிட்டர்

ஸ்ரீபெரும்புதூர் பெட்ரோல் பங்க்கில் உச்சி வெயில் ஜீப்பின் பானெட்டில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் முதலாளி வரதப்பன். மடியில் ஜீப் விளம்பரத்தின் வழுவழு காகிதம். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் என்கிறது அது. வண்டி பத்துதான் கொடுக்கிறது; மீதி டீசலை டிரைவர் ஏசுபாதம் உறிஞ்சி விற்கிறான் என்று போன வாரம் வண்டியில் வரும் கம்பெனி ஷிப்ட் ஆட்கள் எதிரிலேயே சொல்லிவிட்டார். "நீங்களே ஓட்டிப் பாருங்க மொதலாளி" என்று அவன் அன்றே சாவியைக் கொடுத்துவிட்டான். இன்று காலை இதே பங்க்கில் டாங்க்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, மண்ணூர், தண்டலம் என்று ஆட்களை ஏற்றி இறக்கி, நூறு கிலோமீட்டர் அவரே ஓட்டியிருக்கிறார். பின்சீட்டில் அந்த ஷிப்ட் ஆட்களோடு கைகட்டி வந்த ஏசுபாதம் இப்போது பம்ப் அருகே நின்று எண்கள் உருள்வதைப் பார்க்கிறான். காகிதம் சொல்வது நிஜமானால் ஆறு லிட்டர் சொச்சத்தில் டாங்க் நிரம்ப வேண்டும். ஏழு உருள்கிறது. எட்டும் போகிறது. ஒன்பதைத் தாண்டும்போது வரதப்பன் காகிதத்தை மடிக்கிறார். பத்தில்தான் டீசல் நுரைத்து விளிம்புக்கு வருகிறது.

"சரி சரி, வந்து ஓட்டு. ஷிப்ட்டுக்கு லேட்டாவுது" என்று இறங்கிச் சாவியை நீட்டுகிறார். ஏசுபாதத்தின் கை நீளவில்லை. "திருடன்னு இவுங்க முன்னாலதானே சொன்னீங்க? இல்லன்னும் இவுங்க முன்னாலயே சொல்லுங்க." ஜீப்புக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். வரதப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, "வண்டிதான் குடிக்குது. இவன் எடுக்கல" என்று முனகுகிறார்.

"கடைசி சீட்டுவரைக்கும் கேக்கல மொதலாளி" என்கிறான் ஏசுபாதம்.