விலாவோடு ஒட்டிய முழங்கை

2025 மார்ச் 31, திங்கட்கிழமை காலை, கண்டக்குழி மைதானத்தில் நோன்புப் பெருநாள் தொழுகை நடந்தது. மாம்புரியிலிருந்தும் இரண்டு லொறிகளில் ஆட்கள் வந்திருந்தார்கள்.

குத்பா பிரசங்கம் முடிந்தது. எல்லாரும் எழுந்து ஒருவரையொருவர் கட்டித் தழுவத் தொடங்கினார்கள்.

விளையாட்டு ஆசிரியர் ஃபாஹிமுக்கு மட்டும் அதுதான் பயம்.

பக்கத்தில் புது ஜுப்பாவில் இனாஸ் நின்றான். பத்தொன்பது வயது, கண்டக்குழி கரப்பந்து அணியின் உயிர். வலைக்கு மேலால் பாய்ந்து அடிப்பதில் அந்தக் கரையிலேயே அவனுக்குச் சரிசமன் ஒருவன்தான்: மாம்புரி ஆகிப்.

நோன்பு மாதத்தின் நடுவில், தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து விளையாடிய ஆட்டமொன்றில், இனாஸின் வலது தோள் மூட்டு கழன்றுபோயிருந்தது.

ஆஸ்பத்திரியில் பொருத்தி, கையை நீலப் பட்டியில் தொங்கப்போட்டு அனுப்பினார்கள். பட்டியைக் கழற்றக்கூடாது, கையை வெளிப்பக்கமாகத் தூக்கவே கூடாது என்று பிசியோ மிஸ் மாக்கிறட் சொல்லியிருந்தார். இந்த வயதில் இரண்டாம் தரமும் கழன்றால் பிறகு சட்டை போடும்போதும் கழலும், ஒப்பரேஷன்தான்.

"உங்கட கரையில தோள் கழலாத ஆள் ஒருத்தரும் இல்லையா, சேர்?" என்று அவர் அலுத்துக்கொண்டதை ஃபாஹிம் பகிடியென்றே எடுத்தார்.

ஜூலையில் கொழும்பில் தேசிய இளையோர் குழாத்துக்கான தெரிவு. இனாஸை அழைத்திருந்தார்கள். ஊரிலிருந்து முதல் ஆள்.

அந்த நீலப் பட்டி இப்போது ஃபாஹிமின் ஜுப்பாப் பைக்குள் இருந்தது.

கழற்றச் சொன்னவர் அவர்தான்.

நாளைக்கு மாம்புரியோடு பெருநாள் கிண்ண இறுதிப் போட்டி. இனாஸ் அடிக்கத் தேவையில்லை. அடிக்கப்போகிறவன்போல் வலைக்கு முன்னால் பாய்ந்தால் போதும். மாம்புரிக்காரர் இரண்டு பேர் தடுக்க அவனோடு பாய்வார்கள், மற்றப் பக்கம் திறந்து கிடக்கும். அதற்கு, அவனுக்கு ஒன்றுமில்லை என்று மாம்புரி நம்பவேண்டும்.

நல்ல திட்டம். பெருநாளைத்தான் அவர் யோசிக்கவில்லை.

பெருநாளில் ஊரே கை கொடுக்கும். இடது கையை நீட்டுகிற கதைக்கே இடமில்லை.

அன்று விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவனை முற்றத்தில் நிறுத்திப் பழக்கியிருந்தார். முழங்கையை விலாவோடு ஒட்டிவை. கையை நீட்டாதே, உடம்பைக் கொண்டு கிட்டப் போ. தழுவும்போது இடது கையை மட்டும் போடு.

அப்போதுதான் அத்தருக்கு அடியிலிருந்து அந்த மணம் வந்தது. கற்பூரமும் வேப்பெண்ணெயும்.

"முந்தலுக்குப் போனியா, வெதமாத்தயாட்ட?"

"உம்மாதான் கூட்டிட்டுப் போனா, சேர். எண்ணெய் மட்டும்தான். இழுக்க விடல்ல."

நாட்டு வைத்தியரின் எண்ணெய் வேண்டாம், தடவல் வேண்டாம் என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டது யாருக்காக?

இப்போது மைதானத்தில் முதலில் வந்தவர் செய்னுலாப்தீன் ஹாஜியார். இனாஸின் வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் குலுக்கினார்.

"நாளைக்கு இந்தக் கைதான், மகன்," என்றார். சொல்லிச் சொல்லிக் குலுக்கினார்.

இனாஸின் உதடு வெளுத்தது. ஆனாலும் சிரித்தான்.

அடுத்து கரைவலை இழுக்கிறவர்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருவரும் பிடித்த கையை வலைக்கயிறு என்று நினைத்தார்கள். ஃபாஹிம் இடையில் புகுந்து புகுந்து தானே தழுவினார். இனாஸுக்கு வந்த அன்பில் பாதி அவருடைய விலா எலும்புகளில் இறங்கியது.

"சேருக்கு இண்டைக்கு எங்கள்ல பொல்லாத பாசம்," என்று யாரோ பின்னால் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். எத்தனை பேரைத்தான் ஒருவன் தடுப்பது? ஒருவருக்குச் சொன்னால் அஸர் தொழுகைக்கு முன் மாம்புரிக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அன்பினாலேயே பையனின் தோளைப் பிடுங்கிவிடுவார்கள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆகிப் வந்தான்.

ஆகிப் ஆளைத் தழுவினால் நிலத்திலிருந்து தூக்கிவிடுகிறவன். போன பெருநாளில் இனாஸைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியே விட்டான்.

ஃபாஹிம் வேறு வழியில்லாமல் முன்னால் பாய்ந்து அவனை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்.

ஆகிப் தூக்கவில்லை.

"ஸ்" என்று மூச்சை உள்ளே இழுத்தான்.

அவனுடைய இடது கை மட்டும்தான் ஃபாஹிமின் முதுகில் இருந்தது. வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. அவனுடைய அத்தருக்கு அடியிலும் கற்பூரம், வேப்பெண்ணெய்.

ஃபாஹிம் கையை எடுத்தார். மிஸ் மாக்கிறட் சொன்னது பகிடி இல்லை.

அவன் தோளுக்கு மேலால் பார்த்தார். மாம்புரி அணியின் பயிற்றுநர் சரீப் கொஞ்சம் தள்ளி, ஜுப்பாப் பைக்குள் கையை விட்டபடி, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்திலும் காலையிலிருந்து ஊரோடு மல்லுக்கட்டிய களைப்பு.

யாரைத் திட்டுவதென்று ஃபாஹிமுக்கு விளங்கவில்லை. கடைசியில் ஒரு ஆள்தான் மிஞ்சினார்: அவரேதான். அவரை இத்தனை பேருக்கு முன்னால் திட்டவும் முடியாது.

பைக்குள்ளிருந்து நீலப் பட்டியை எடுத்தார். ஊரும் மாம்புரியும் பார்த்துக்கொண்டிருக்க, இனாஸின் கழுத்தில் மாட்டி, கையை மெல்ல அதற்குள் வைத்தார். ஹாஜியாரின் வாய் திறந்தபடி நின்றது.

ஆகிப் அந்தப் பட்டியையே பார்த்தான்.

"எங்கட சேரும் கழட்டிட்டு வரத்தான் சொன்னார்," என்றான்.

செவ்வாய்க்கிழமை மாலை இறுதிப் போட்டி நடந்தது. மாம்புரி மூன்றுக்கு ஒன்று என்று வென்றது. இனாஸும் ஆகிப்பும் ஆடவில்லை.