நின்னே சாகிற டயர்

எங்க முகாம்ல தங்கியிருக்கிற பிரென்ட்ங்கிறவனோட டிரெய்லர் வீட்டுக்கு நாலு டயர். காலையில பார்த்தா நாலும் கிழிஞ்சு கிடக்கு. பஞ்சர் இல்லை. யாரோ நிதானமா உட்கார்ந்து கத்தியால அறுத்த வேலை.

யாரோ என்ன யாரோ! இந்த அரிசோனா மலை மேல, அறுபது மைல் சுத்துவட்டத்துல டயர் கடை ஒண்ணே ஒண்ணுதான். எங்க முகாமுக்கு நேர் எதிர்ல. வெண்டலோடது.

நான் டோரீன். டிரக்குக்குப் பின்னால வீட்டை மாட்டி இழுத்துட்டு ஊர் சுத்துறவங்க வந்து தங்குற இந்த முகாமைப் பார்த்துக்கிறவ. சம்பளம் கிடையாது. இலவசமா ஒரு இடமும், சட்டையில குத்திக்க ஒரு பேட்ஜும் குடுத்திருக்காங்க. அடுத்தவங்க விஷயத்துல மூக்கை நுழைக்க அது போதும்.

எல்லாம் நேத்து சாயங்காலம் ஆரம்பிச்சது. நாயோட முகாமைச் சுத்தி வந்த வெண்டல், பிரென்ட்டோட டிரெய்லர்கிட்ட குனிஞ்சு பார்த்தார்.

"தம்பி, இந்த டயரோடயா நாளைக்கு மலை இறங்கப் போறே?"

"ஏன், என்ன குறைச்சல்? மேல ரப்பர் பட்டன் தேயவே இல்லை பாருங்க. பழைய ஓனர் வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே எடுத்தாராம்."

"அதான் வம்பே. டிரெய்லர் டயர் ஓடித் தேயாது. வெயில்ல நின்னே செத்துப் போகும். டயர் பக்கவாட்டுல பொறிச்சிருக்கிற இந்தக் கடைசி நாலு நம்பரைப் பாரு. ரெண்டாயிரத்துப் பதிமூணாம் வருஷம், முப்பத்திரெண்டாவது வாரம் செஞ்சது. பதினோரு வயசாச்சு. கீழ பாலைவனத்துல ரோடு கொதிக்குது. ஒண்ணு வெடிச்சா டிரெய்லர் ஆடி, உன் டிரக்கையும் சேர்த்துச் சாய்ச்சிடும். பின் சீட்ல ரெண்டு குழந்தை இருக்கு."

பிரென்ட் சிரிச்சான். டிரெய்லர்ல வைக்கிற காபி மெஷினுக்கு மூணு வாரம் ஆராய்ச்சி பண்ணினதா அவனே என்கிட்ட பெருமையடிச்சிருக்கான். டயருக்கு? காலால ஒரு உதை விட்டுப் பார்த்தானாம். டயர் ஒண்ணும் சொல்லலையாம்.

"பெரியவரே, வியாபாரம் டல்லா இருந்தா நேரா சொல்லுங்க. குழந்தையைக் காட்டி பயமுறுத்தாதீங்க."

அவன் பொண்டாட்டி ஷெல்பி மட்டும் மண்டி போட்டு அந்த நம்பரையே பார்த்துட்டு இருந்தா.

"பிரென்ட், டயரை மாத்திட்டே போலாமே. ஒரு நாள் லேட்டானா என்ன?"

"உனக்கு என்ன தெரியும் டயரைப் பத்தி? போய் பிள்ளைங்களைப் பாரு."

இன்னிக்குக் காலையில அவன் முகாம் குளியலறையில அரை மணி நேரம் பாட்டுப் பாடி குளிச்சுட்டு வந்தா, வீடு தரையோட உட்கார்ந்திருக்கு.

எனக்கு ஒரு நிமிஷம் கூட சந்தேகம் வரல. "விடிகாலையில வெண்டல் இந்தப் பக்கம் போனதை என் கண்ணால பார்த்தேன்"னு பேட்ஜைத் தடவிக்கிட்டே சாட்சி சொன்னேன். பத்து வருஷமா தினம் நாயோட அந்தப் பக்கம்தான் போறார். அதை எதுக்கு அனாவசியமா சொல்லணும்?

பிரென்ட் ரோட்டைத் தாண்டி கடைக்கு ஓடினான். நியாயத்துக்காக நானும் பின்னாலயே ஓடினேன்.

"டயர் விக்கிறதுக்காக டயரையே கிழிப்பியா? ஷெரீஃபைக் கூப்பிடப் போறேன், பாரு!"

ஷெல்பி ஓடி வந்து அவன் கையைப் பிடிச்சா. "போலீஸெல்லாம் வேண்டாம். பிள்ளைங்க பயப்படுது. மாத்திட்டுக் கிளம்பிடலாம்."

என்ன பொறுமை அந்தப் பொண்ணுக்கு. எனக்குப் பாவமா இருந்தது.

வெண்டல் ஜாக்கியோட டிரெய்லர்கிட்ட வந்தார். கிழிசல்ல விரலை விட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. தப்பு பண்ணினவர் என்னத்தைப் பேசுவார்?

"இருக்கிறதுலயே மலிவா நாலு போடு"ன்னான் பிரென்ட்.

"அது உன் டிரெய்லர் எடையைத் தாங்காது. தண்ணித் தொட்டி நிரம்பினா இன்னும் நானூறு பவுண்டு ஏறும்." கனமான டயரா நாலு உருட்டிட்டு வந்தார். செஞ்சு அஞ்சு வாரம்தான் ஆகுதாம். ஷெல்பி ஒவ்வொண்ணா நம்பரைப் படிச்சுப் பார்த்துத் தலையாட்டினா.

நட்டெல்லாம் முறுக்கி முடிச்சதும், "அம்பது மைல் போனதும் நிறுத்தி இன்னொரு தடவை முறுக்கிடு தம்பி"ன்னார்.

"திருடன்கிட்ட எனக்கு அட்வைஸ் வேண்டாம்"னுட்டு பிரென்ட் டிரெய்லரை மாட்டப் போனான். பில்லை முடிக்க ஷெல்பி கடைக்குப் போனா. நானும்தான். முகாம் நோட்டீஸ் போர்டுல வெண்டலைப் பத்தி நாலு வரி எழுதலாம்னு, கடை டயர் அடுக்குக்குப் பின்னால நின்னு வாசகம் யோசிச்சிட்டு இருந்தேன்.

"ஐயா, மன்னிச்சிடுங்க"ன்னா ஷெல்பி, மெதுவா. "காத்தைப் பிடுங்கிட்டு, ரொட்டி அறுக்கிற பல்லுக் கத்தியால அறுத்தேன். அவர் குளிச்சு முடிக்கிறதுக்குள்ள நாலையும் முடிச்சுட்டேன்."

"தெரியும்மா. கிழிசல் பல்லு பல்லா இருந்துச்சு."

எனக்கு மூஞ்சியை எங்கே வெச்சுக்கிறதுன்னு தெரியல. நல்லவேளை, முன்னால டயர் அடுக்கு இருந்தது.

"இப்பவே போய் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். ஊரே உங்களைத் திருடன்னு பேசும்."

வெண்டல் பில்லைக் கிழிச்சு அவ கையில குடுத்தார்.

"சொல்லாதே. நான் முப்பது வருஷமா டயர் விக்கிறேன், அந்தப் பேரு எனக்குப் பழக்கம்தான். நீ அவன் பக்கத்துல இன்னும் ரெண்டாயிரம் மைல் உட்கார்ந்து போகணும்."