ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு

"ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்டு வச்சிருக்கா! பெத்தவ பண்ற வேலையா இது?"

கேக்கம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆர்டர் எடுத்து வீட்டிலேயே கேக் செய்பவள் என்பதால் அந்த அடுக்குமாடியில் அவளுக்கு அதுதான் பெயர். அடுப்படிக்கும் பால்கனிக்குமாக நடையாய் நடந்துகொண்டிருந்தாள்.

"நீ எப்படிப் பார்த்தே?" செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார் கணவர்.

"பார்சல் மாறி வந்துச்சுன்னு குடுக்கப் போனேன். அலமாரிக்குப் பூட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு. சாவி அவ கழுத்துச் செயின்ல தொங்குது. என்னைப் பார்த்ததும் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு."

"ஏதாவது காரணம் இருக்கும். பக்கத்து வீட்டு வம்பு நமக்கெதுக்கு?"

"என்னங்க காரணம்? ஏழு வயசுப் பொண்ணு. கன்னம் ஒட்டி, கைகால்ல நரம்பு புடைச்சு, 'குட்டிக் கிழவி'ன்னு பசங்க கூப்பிடுற அளவுக்கு ஆயிட்டா. வயிறு மட்டும் முன்னால தள்ளிக்கிட்டிருக்கு. அம்மாக்காரி பாருங்க, தளதளன்னு இருக்கா! அந்தப் பிள்ளை செத்துகித்துப் போச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

கணவரின் கட்டைவிரல் செல்போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"பெரியம்மா..."

பால்கனியிலிருந்து குரல். இரண்டு வீட்டுப் பால்கனிக்கும் நடுவே ஒரு கம்பித் தடுப்புதான். அதில் முகத்தைப் பதித்து நின்றிருந்தாள் குட்டிக் கிழவி.

"அம்மா எங்கடி?"

"குளிக்கிறாங்க. சீக்கிரம் பெரியம்மா, பசிக்குது."

"மதியம் என்ன சாப்பிட்டே?"

"வேகவச்ச காய். கொஞ்சூண்டு. இன்னும் வேணும்னு கேட்டேன். அம்மா அழுதாங்க."

"அவ எதுக்கு அழுறா?"

"தெரியல."

நீலிக் கண்ணீர் என்று கறுவிக்கொண்டே உள்ளே ஓடினாள் கேக்கம்மா. வட்டக் கேக்கைச் சதுரமாக வெட்டியதில் மிஞ்சிய ஓரங்களை அள்ளி, கிண்ணத்தில் கிடந்த வெண்ணெய் க்ரீமையெல்லாம் வழித்து மேலே அப்பிக்கொண்டு வந்தாள். கம்பி வழியாக நீட்டியதும் குழந்தை மெல்லக்கூட இல்லை, அப்படியே விழுங்கினாள். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கண் கலங்கியது.

"மெதுவாடி ராசாத்தி. அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாது, என்ன?"

குழந்தை உதட்டின் மேல் விரலை வைத்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள். ஒரு மாதமாக இருவருக்கும் இதுதான் ஒப்பந்தம்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து அலறல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட இல்லாமல் படியிறங்கி ஓடினாள் அம்மாக்காரி.

"பார்த்தீங்களா? பட்டினி போட்டே குடலைக் காய வச்சுட்டா! இன்னைக்கு நாலு பேர் முன்னால நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கிறேன்." புதிதாகச் செய்த கேக்கில் ஒரு பெரிய துண்டை டப்பாவில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள் கேக்கம்மா.

படுக்கையில் குழந்தை கண்மூடிக் கிடந்தாள். கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. காலடியில் அம்மாக்காரி. டாக்டரம்மா உள்ளே வந்ததும் கேக்கம்மா வெடித்தாள்.

"டாக்டர், இவ பிள்ளையைப் பட்டினி போடுறா! ஃப்ரிட்ஜையே பூட்டி வச்சிருக்கா. நான் கண்ணால பார்த்தேன்!"

அம்மாக்காரி நிமிரவில்லை.

"பூட்டச் சொன்னதே நான்தாம்மா" என்றார் டாக்டர்.

"என்னது?"

டாக்டர் அம்மாக்காரியைப் பார்த்தார். அவள் 'சொல்லுங்கள்' என்பதுபோல் தலையசைத்தாள்.

"ரொம்ப அபூர்வமான பிறவிக் கோளாறு. இவ உடம்புல கொழுப்பு தங்க இடமே கிடையாது. அதான் இந்த வயசுலயே வயசான முகம். எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. சாப்பிடுற கொழுப்பெல்லாம் ஈரல்லயும் ரத்தத்துலயும் போய்ச் சேரும். அந்த வயிறு, ஈரல் வீக்கம். இப்ப கணையமும் வீங்கிடுச்சு. ரத்தம் எடுத்தா பால் மாதிரி வருது." டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷமா இவங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துக்கிட்டாங்க. இந்த ஒரு மாசமாத்தான் யாரோ எதையோ குடுத்திருக்காங்க. இது தொடர்ந்தா பிள்ளை தங்காது."

கேக்கம்மா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அம்மாக்காரி எழுந்து வந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"வெளியே தெரிஞ்சா பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பாங்கன்னு மறைச்சுட்டேன்க்கா. நான் கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. உங்க மேல அவளுக்கு உசுரு. யாரு குடுக்கிறாங்கன்னு நீங்க கேளுங்கக்கா."

குழந்தை மெல்லக் கண்ணைத் திறந்தாள். கேக்கம்மாவையும் அவள் கையிலிருந்த டப்பாவையும் பார்த்தாள்.

"யாரும் குடுக்கலம்மா" என்று சொல்லிவிட்டு, உதட்டின் மேல் விரலை வைத்து, பெரியம்மாவைப் பார்த்து ஒற்றைக் கண்ணைச் சிமிட்டினாள்.